ஆறு தட்டும் ஒரு கீறலும்

லண்டனுக்கு வடமேற்கே, ரயிலில் அரைமணி நேர தூரத்தில், என் அண்ணாவின் வீடு இருக்கிறது. அந்த வீட்டின் முன்னறையில் ஓர் அலமாரி. அதில் முந்நூறு இசைத்தட்டுகளுக்குக் குறையாது. அவற்றில் ஆறு தட்டுகளுக்கு ஒரே உறை. கறுப்புப் பின்னணியில் ஒரு கண்ணாடி முக்கோணம். இடது பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று அதற்குள் நுழைந்து, வலது பக்கத்தில் வர்ணங்களாகப் பிரிந்து வெளியே போகிறது. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவன் நான். எண்ணிப் பார்த்தேன், படத்தில் ஆறுதான் இருந்தது. படம் எழுதியவர் ஒரு நிறத்தை விட்டுவிட்டார்.

"ஒரே மாதிரி ஆறு புடவை நான் வாங்கிண்டு வந்தா உங்கண்ணா சும்மா இருப்பாரா, கேளு" என்றாள் மன்னி.

அண்ணாவுக்கு இது புதிய கேள்வி அல்ல. "ஒரே மாதிரி இல்லே. ஆறும் வேற வேற" என்றார், காப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. காலேஜில் இரண்டு வருஷத்தோடு என் படிப்பு நின்றது போல், சங்கீதம் ஜண்டை வரிசையோடு நின்றுவிட்டது. கதைகளில் பாடகிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அது வேறு விஷயம். ஆகவே, அந்த ஆறு தட்டுகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கம் என்று தோன்றினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலீஷ் கோஷ்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்கலாம். நாலு பேர். 1972-ல் ஆரம்பித்து 1973-ன் தொடக்கம் வரை, லண்டனில் ஆபி ரோடு என்ற தெருவில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் 'தி டார்க் ஸைட் ஆஃப் தி மூன்' என்ற தட்டைப் பதிவு செய்தார்கள். 'சந்திரனின் இருண்ட பக்கம்' என்று சொல்லலாம். 1973 மார்ச்சில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதிகமாக விற்கும் தட்டுகளின் பட்டியல் ஒன்று வாராவாரம் போடுகிறார்கள். 1973-க்கும் 1988-க்கும் இடையில் இந்தத் தட்டு அதில் 741 வாரம் இருந்தது. நம் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஐம்பது வாரம் தாக்குப் பிடித்தாலே நாங்கள் மார்தட்டிக் கொள்கிறோம்.

இது தனித்தனிப் பாட்டுக்களின் மூட்டை அல்ல. இதயத் துடிப்பில் ஆரம்பித்து, காலம், பணம், சாவு, சித்தப் பிரமை என்று போய், மறுபடி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. சுமார் 43 நிமிஷம். நடுவில் கடிகாரங்கள் பல ஒரே சமயத்தில் மணி அடிக்கின்றன. ஆலன் பார்ஸன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் பழங்காலக் கடிகாரக் கடை ஒன்றில் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தவை அவை. பணத்தைப் பற்றிய பாட்டில், சில்லறை விழும் ஓசையையும் கடைக் கல்லாப் பெட்டியின் ஓசையையும் நாடாவில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, வளையமாக ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளம். அண்ணா முழங்காலில் மிச்ர சாபு போட்டுக் காட்டினார். நடுவில் கிதார் வரும் இடத்தில் நாலு எண்ணிக்கைக்கு மாறுகிறது. அண்ணாவின் கையும் மாறியது.

இதற்கெல்லாம் ஒரு தட்டு போதாதா? போதாது என்பதுதான் அண்ணாவின் கட்சி. அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டிய மட்டும் சொல்கிறேன்.

நாடாவில் பதிவான சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே, ஒருவர் அரக்குப் பூசிய வட்டத் தகட்டில் கோடு வெட்டுகிறார். ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே கோடுதான். வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டு சுருண்டு போகிறது. அந்தத் தகட்டுக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்து, நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தால் எதிர்மறை அச்சு ஒன்று கிடைக்கும். அதற்கு 'அப்பா' என்று பெயர். அப்பாவிலிருந்து 'அம்மா'. அம்மாவிலிருந்து தட்டு அடிக்கும் அச்சுகள். அச்சு தேயத் தேய வேறு அச்சுப் போட வேண்டும். ஆகவே ஒரே தட்டு என்று நாம் நினைப்பது ஒரு பெரிய குடும்பம். வெட்டியவர் யார், எந்த நாடாவிலிருந்து வெட்டினார், மூல நாடாவா அல்லது நகலின் நகலா, அச்சு புதிதாக இருந்தபோது அடித்ததா, தேய்ந்த பிறகு அடித்ததா, பிளாஸ்டிக் சுத்தமானதா, பழைய தட்டுகளை உருக்கியதா, இவ்வளவும் காதுக்கு வந்து சேர்கிறதாம். தட்டின் நடுவில், சீட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் உள்ள வெறும் இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். ரசிகர்கள் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ஜாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆறு தட்டுகளையும் அண்ணா மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

முதலாவது, 1973-ல் இங்கிலாந்தில் வந்த முதல் ஈடு. நடுச் சீட்டில் நீல முக்கோணம் முழுக்க வர்ணம் நிரம்பி இருக்கிறது. பின்னால் அடித்தவற்றில் முக்கோணம் வெறும் கோடாகப் போய்விட்டது. உள்ளே இரண்டு பெரிய படங்களும் இரண்டு ஒட்டுச் சீட்டுகளும் இருந்தால் விலை இன்னும் ஏறும். அண்ணா என்ன விலை கொடுத்தார் என்று மன்னி எதிரில் சொல்லவில்லை.

இரண்டாவது, 1970-களின் கடைசியில் ஜப்பானில் தொழில்காரர்களுக்கு என்று தனியாகப் போட்டது. மூன்றாவது, 1979-ல் அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனியார் வெளியிட்டது. நாலாவது, தட்டின் முப்பதாம் ஆண்டு நினைவாக 2003-ல் வந்தது. 180 கிராம், கையில் எடுத்தால் அப்பளக் கல் மாதிரி கனக்கிறது. ஐந்தாவது, ஜேம்ஸ் கத்ரீ, ஜோயல் பிளாண்டே, பெர்னி கிரண்ட்மன் ஆகியோர் பழைய நாடாவிலிருந்து மறுபடி தயாரித்து 2016-ல் வந்தது.

ஆறாவது, நம் ஊர்ச் சரக்கு. கல்கத்தா டம்டமில் இந்திய கிராமபோன் கம்பெனி அடித்தது. 1983-ல், அண்ணாவுக்குப் பதினெட்டு வயசில், மூர் மார்க்கெட்டில் இருபத்தைந்து ரூபாய்க்கு வாங்கியது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போய்விட்டது; தட்டு இருக்கிறது.

அந்த மூன்றாவது தட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அது அரைவேகத் தட்டு. அதாவது நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டி, வெட்டும் யந்திரத்தையும் பாதி வேகத்தில் சுழற்றி, கோடு வெட்டியிருக்கிறார்கள். வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு உள்ள ஸ்வரம் வெட்டுகிற ஊசிக்குப் பத்தாயிரமாகத்தான் வரும். அதனால் அது திணறாமல் வெட்டும். கோலம் போடுகிறவள் அவசரமில்லாமல் இழுத்தால் இழை பிசகாமல் வருவது போல. தட்டு அடித்ததோ ஜப்பானில். நல்ல சுத்தமான பிளாஸ்டிக். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உர் என்ற சப்தம்கூட இல்லை. உச்ச ஸ்தாயியில் உள்ளதெல்லாம், தாளத் தகடுகளின் உரசல், கடிகாரங்களின் நாக்கு, பாடகியின் மூச்சு, எல்லாம் இதில் தெளிவு என்பார்கள். எனக்குக் கேட்டவரையில் கடிகாரங்கள் காதில் ஊசி குத்தின. "அதுதாண்டா வேணும்" என்றார் அண்ணா.

அதே கம்பெனியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. பல வருஷம் கழித்து அவர்கள் வெளியிட்ட புதிய தட்டுகள் பலவற்றுக்கு, நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் எண்களாக மாற்றும் ஒரு கட்டம் இருந்தது என்பது 2022-ல் வெளியாயிற்று. கம்பெனியாரும் ஒப்புக்கொண்டார்கள். எண்களாக மாற்றினால் சங்கீதத்தின் உயிரே போய்விடும், எங்கள் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்று சத்தியம் செய்தவர்கள்தான் அந்தத் தட்டுகளைப் பல வருஷமாகப் புகழ்ந்து வந்தவர்கள். கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. காது ஏமாந்ததற்கு யாரிடம் நஷ்ட ஈடு கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. 1979 தட்டுக்கு இந்தப் பழி கிடையாது. அப்போது அந்த யந்திரம் அங்கே இல்லை.

நான் லண்டனில் மூன்று வாரம் இருந்தேன். 2023 அக்டோபர். அண்ணா பிள்ளையின் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. ஒருநாள் அண்ணா ஆபி ரோட்டுக்கு அழைத்துப் போனார். வெள்ளைக் கட்டடம், சின்ன வாசல், முன்னால் மோட்டார் நிறுத்துமிடம். பீட்டில்ஸ் நடந்த வரிக்குதிரைப் பாதையில் ஜனங்கள் நாலு நாலு பேராக நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்காரர்கள் அலுத்துப்போய்க் காத்திருந்தார்கள். அண்ணா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டடத்தை நோக்கி நின்றபடி, "இங்கேதான் அந்தப் பொண்ணு பாடினா" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் கிளேர் டோரி. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அவளுடையது. பாட்டு என்று சொல்வதா என்று தெரியவில்லை, வார்த்தையே கிடையாது. ரிச்சர்ட் ரைட் என்பவர் பியானோ வாசிக்க, அவள் அகாரத்திலேயே கதறுகிறாள், கெஞ்சுகிறாள், கடைசியில் களைத்து அடங்குகிறாள். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பாடச் சொன்னார்கள். சாவைப் பற்றிய பாட்டு, வார்த்தை வேண்டாம் என்றார்கள். சம்பளம் 30 பவுன். பாடிவிட்டுப் போனவளுக்குத் தன் குரலைச் சேர்த்தார்களா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கடையில் தட்டின் உறையில் தன் பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். பாடியவர் என்றுதான் போட்டிருந்தது. இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும். அந்த ஸ்வரமெல்லாம் நான் கற்பனை செய்து பாடியவைதானே என்று 2004-ல் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த தட்டுகளில் இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டோடு டோரியின் பெயரும் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆறு தட்டின் சீட்டுகளையும் எடுத்துப் படித்தேன். அண்ணா சொன்ன வித்தியாசங்களில் பாதி என் காதில் ஏறவில்லை. இது மட்டும் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. ஐந்து தட்டுகளில் ஒரு பெயர். 2016 தட்டில் இரண்டு. படிக்கத் தெரிந்தவனுக்கு உள்ள வித்தியாசம் அதுதான்.

அந்தப் பாட்டு இருக்கும் இடமும் சங்கடமான இடம். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, எங்கும் ஒரே சுற்றுத்தான். ஆனால் வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு முள் ஓடும் தூரம் அதிகம். வினாடிக்கு அரை மீட்டர் கோடு அதன் அடியில் போகிறது. உள்ளே வரவர அதில் பாதியும் இல்லை. அதே சங்கீதத்தைப் பாதி இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். ஒரு கடிதத்தை விஸ்தாரமாக ஆரம்பித்துவிட்டு, கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவோமே, அப்படி. கடைசிப் பாட்டில் குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டமான தட்டில் அது கரகரக்கும், கிழியும். ஆகவே தட்டுக்குத் தட்டு வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இந்தப் பாட்டைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அண்ணாவின் சித்தாந்தம்.

நான் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று ஏற்பாடு. அண்ணா சுவரைப் பார்த்து உட்கார வேண்டியது. நான் தட்டுகளைக் குலுக்கல் முறையில் ஒவ்வொன்றாகப் போட வேண்டியது. இது எந்தத் தட்டு என்று அவர் சொல்ல வேண்டியது. சப்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அதுதான் உயர்த்தி என்று படுமாம். அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் சப்தத்தை அளந்து, திருகும் குமிழைச் சுற்றி ஆறு சின்னக் காகிதத் துண்டுகள் ஒட்டி வைத்திருந்தார். கனமான தட்டில் முள் உட்காரும் கோணம் மாறும் என்று அதற்கும் ஒரு திருகாணி. தட்டை ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்க எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். என் கை நடுங்கியது. அவர் அதை அனுபவமின்மை என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை இரவு, சமையலறையில் மன்னி பாத்திரம் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குக் காது போயிண்டிருக்குடா. டாக்டர் ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கார். மலைச் சரிவு மாதிரி ஒரு கோடு. ஆறாயிரத்துக்கு மேலே ஒண்ணும் கேக்கலையாம். கருவி வெச்சுக்கச் சொல்லியிருக்கார். டிராயர்லே கிடக்கு."

"என்கிட்டே சொல்லலையே?"

"பிள்ளைகிட்டேயே சொல்லலை. தோட்டத்திலே சின்னக் குருவியெல்லாம் வரதே நின்னு போச்சுங்கறார். தினம் வந்து கத்திண்டுதான் இருக்கு."

வயசானால் எல்லோருக்கும் உச்ச ஸ்தாயி முதலில் போகிறது. எனக்கும் போயிருக்கும், யார் சோதித்தார்கள்? அந்த அரைவேகத் தட்டை எதற்காக அவ்வளவு பாடுபட்டு வெட்டினார்களோ அந்த பாகம்தான் அண்ணாவுக்கு இல்லை என்று அப்போது புரிந்தது. பரீட்சையை எப்படியாவது தட்டிக்கழித்துவிடலாமா என்று யோசித்தேன். காலையில் அவர் ஸ்நானம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என்ன சொல்வது?

முதலில் வந்தது டம்டம் தட்டு. பியானோ ஆரம்பித்துக் குரல் எழும்பிய சிறிது நேரத்தில், டக் என்று ஒன்று. பிறகு டக், டக் என்று ஏழெட்டு தடவை. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி, கீறலை ஒவ்வொரு சுற்றிலும் முள் தாண்ட வேண்டும். அண்ணா கையை உயர்த்தி, "இது நம்மது. கணக்கிலே சேர்க்காதே" என்றார். சுவரைப் பார்த்தபடியே, "இந்தக் கீறல் எப்படி வந்தது தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார்.

தெரியும்.

1987 மே மாதம். எனக்கு ஒன்பது வயசு. அண்ணா அந்தத் தட்டை ஒரு நண்பருக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்திருந்தார். நண்பரின் பெயர் வேண்டாம். திருவல்லிக்கேணியில் வீடு, எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பாடு, அண்ணாவுக்கு இந்தச் சங்கீதத்தையே அறிமுகப்படுத்தியவர் அவர்தான். வாரம் முடிந்து ஒரு மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணா ஆபீஸில். அம்மா தூங்கினாள். பெட்டி மாதிரி மூடும் எங்கள் ரிகார்டு பிளேயரை நான் தொடக்கூடாது என்று கட்டளை; ஆகவே தொட்டேன். கடிகாரம் மணி அடிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு மற்றதையும் ஓடவிட்டேன். அந்த அம்மாள் அழ ஆரம்பித்தபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. முள்ளை அவசரமாக எடுத்தேன். எடுக்கவில்லை, இழுத்தேன்.

சாயங்காலம் அண்ணா போட்டுக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனார். நண்பர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றாராம். தெரியாது என்று சொன்னதுதான் அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. கீறினதைக்கூட மன்னிப்பேன், பொய்யை மன்னிக்க மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் அவர்கள் பேசவில்லை. 1991-ல் அண்ணா லண்டனுக்குப் புறப்பட்டபோது ஏரோடிரோமுக்கு எல்லோரும் வந்தார்கள், அவர் வரவில்லை. தட்டு மட்டும் பெட்டியில் போயிற்று.

"தெரியாது" என்று சுவரிடம் சொன்னேன்.

பரீட்சை நடந்தது. மீதி ஐந்து தட்டில் அண்ணா ஒன்றைச் சரியாகச் சொன்னார். 2003 தட்டு. மற்றவை மாறிப்போயின. 2016-ஐ 1979 என்றார். 1979-ஐ, மூடிய கண்ணோடு ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "இது மந்தமா இருக்கு. புதுசு" என்றார். எனக்கு எப்படிப் பட்டது என்று கேட்பீர்கள். 1973 தட்டில் அந்த அம்மாள் முன்னறைக்குள் வந்து நின்றாள். என் அபிப்பிராயத்தில் அதற்கு இணை மற்றவற்றில் இல்லை. ஜப்பான் தட்டில் நிசப்தம் கறுப்புப் பட்டு மாதிரி இருந்தது. 2016-ல் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன, சிராத்தத்துக்குப் போட்ட இலை போல. நான் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டவன். என் சாட்சியம் செல்லாது.

"எத்தனைடா?" என்று திரும்பினார் அண்ணா.

"நாலு" என்றேன்.

அன்று முழுவதும் அவர் உற்சாகமாக இருந்தார். மன்னியிடம் இரண்டு தடவை சொன்னார். பிள்ளைக்கு டெலிபோன் செய்து சொன்னார். மன்னி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தீர்மானமாகவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே பாட்டில் இரண்டு பொய். ஒன்றுக்கு முப்பத்தாறு வயசு, ஒன்று அன்றைக்குப் பிறந்தது.

விடியற்காலையில் சமையலறையில் விளக்கு எரிந்தது. அண்ணா காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். கட்டில் கிறீச்சிட்டது வரைக்கும்.

அவர் அடுப்பை அணைத்தார். இரண்டு டம்ளரிலும் காப்பியை ஊற்றினார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"அவன் போயிட்டான். தெரியுமோ?" என்றார். "2016-லே. எனக்கே ஒரு வருஷம் கழிச்சு யாரோ சொன்னா."

எனக்குத் தெரியாது.

"ரெண்டாம் தடவையா போய்க் கேட்டிருக்கலாம்" என்றார் சற்றுப் பொறுத்து. அது என்னைச் சொன்னதா, தம்மைச் சொன்னதா என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. பாதிக் காப்பி குடித்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து நாலுன்னியே. அது?"

"ஒண்ணு."

"எது?"

"2003."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து டிராயரைத் திறந்து காதுக் கருவியை எடுத்து, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்து, தட்டின் எண்ணைப் பார்ப்பது போல் பார்த்தார். மாட்டிக்கொள்ளவில்லை. மறுபடியும் டிராயரில் வைத்துவிட்டார்.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று, என் பெட்டியில் வேஷ்டிகளுக்கு நடுவில் அட்டை வைத்துக் கட்டின ஒரு பொட்டலத்தைச் செருகினார். 1979 தட்டு. நண்பரின் பெண் மயிலாப்பூரில் இருக்கிறாளாம். அப்பாவின் ரிகார்டு பிளேயரை இன்னும் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள் என்று கேள்வி. விலாசத்தை ஒரு சீட்டில் எழுதியிருந்தார்.

"எனக்குக் கேக்காத பாகம்தான் இதிலே ஜாஸ்தி. அவ கேக்கட்டும்" என்றார். பிறகு, "எதுக்குக் கொடுக்கறோம்னு நீயே சொல்லிடு" என்றார்.

நான் திரும்பி வந்து எட்டு மாசம் ஆகிறது. இரண்டு தடவை மயிலாப்பூர் வரைக்கும் போனேன். ஒரு தடவை தெருமுனை வரைக்கும். தட்டு என் அலமாரியில், அகராதிகளுக்குப் பக்கத்தில், சாய்க்காமல் நேராக நிற்கிறது. தட்டுகளைச் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்று அண்ணா சொல்லியனுப்பியிருக்கிறார்.